‘நோ’ என்றால் ‘இல்லை’ என்று யார் சொன்னது?

எங்கள் அலுவலகத்தில் சில மாதங்கள் போலந்துக்காரர் ஒருவர் என் பக்கத்து மேசையில் இருந்தார். ஒருநாள் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. எடுத்தவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நோ... நோ... நோ, நோ...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரலில் கோபம் இல்லை. ஆனால் எதிர்முனையில் என்ன கேட்டாலும் ‘நோ’தான். ஏதோ வீட்டுப் பிரச்சினை, மனிதர் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. தங்கைக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்களாம். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டாராம்.

போலிஷ் பேச்சு மொழியில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’. நாம் போனில் ‘ம்... ம்... சரி’ என்று கொட்டுவோமே, அதேதான். மறுக்க வேண்டுமானால் அவர்களுக்கு ‘ஞே’ என்று வேறொரு சொல் இருக்கிறது.

அன்று தொடங்கிய ஆசை இது. இந்த ஒற்றை எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐரோப்பா வரைபடத்தில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தேன். ஸ்பெயினில் ‘நோ’ என்றால் இல்லை. எல்லையைத் தாண்டி போர்ச்சுகலுக்குள் கால் வைத்தால் எழுத்தில் அதே ‘நோ’, பொருள் நம்முடைய ‘-இல்’ வேற்றுமை உருபு. ரஷ்யாவில் ‘ஆனால்’. நார்வேயின் மேற்குக் கரையில் ‘இப்போது’. லாத்வியாவில் ‘-இலிருந்து’. அயர்லாந்தில் ‘அல்லது’. பின்லாந்தில் ‘சரி, அப்புறம்?’ என்பது போன்ற ஓர் ஆரம்பச் சொல்.

இவை எல்லாம் ஒரே சொல்லின் பல முகங்களா, அல்லது தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா? சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒரே நிறச் சட்டை போட்ட இருவர் உட்கார்ந்திருந்தால் அண்ணன் தம்பி என்று முடிவு கட்டிவிட மாட்டோம் இல்லையா? எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று விசாரிப்போம். சொற்களுக்கும் அதே விசாரணைதான். இன்றைய முகத்தை நம்பக் கூடாது. அந்தச் சொல் ஐந்நூறு ஆண்டுக்கு முன், ஆயிரம் ஆண்டுக்கு முன் எப்படி எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

சின்னச் சொற்களில் இந்த விசாரணை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆற்றுப் படுகையில் கிடக்கும் கூழாங்கற்களைக் கையில் அள்ளிப் பாருங்கள். ஒன்று கருங்கல்லிலிருந்து உடைந்தது, இன்னொன்று வெள்ளைக்கல், மூன்றாவது எங்கோ மலை உச்சியிலிருந்து வந்த வேறு ஏதோ பாறை. உருண்டு உருண்டு எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஒருநாளைக்கு நூறு முறை வாயில் உருளும் சொற்களும் இப்படித்தான் தேய்கின்றன. ‘நோ’ என்பது ஒரு மெய், ஓர் உயிர், அவ்வளவுதான். அதற்குமேல் தேய இடமில்லை. வெவ்வேறு பாறைகள் அந்த வடிவத்தில் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஆங்கில ‘நோ’வை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘நா’. ‘நா’ எப்படி ‘நோ’ ஆனது? இங்கேதான் சொல்லாராய்ச்சியின் முக்கியமான சோதனை வருகிறது. ஒரு சொல்லில் ஒலி மாறியிருக்கிறது என்றால், அதே மாற்றம் மற்ற சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு ‘ஸ்டான்’, இன்று ‘ஸ்டோன்’. வீட்டுக்கு ‘ஹாம்’, இன்று ‘ஹோம்’. எலும்புக்கு ‘பான்’, இன்று ‘போன்’. நெடில் ‘ஆ’ எல்லாம் வரிசையாக ‘ஓ’ ஆகியிருக்கின்றன. ‘நா’வும் அந்த வரிசையில் சேர்ந்து ‘நோ’ ஆகியிருக்கிறது. ஸ்காட்லாந்துப் பக்கம் இந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. அதனால்தான் அங்கே இன்றும் வீட்டை ‘ஹேம்’ என்கிறார்கள், ‘நோ’வுக்குப் பதில் ‘நே’ என்றும் சொல்கிறார்கள். விதி நடந்த இடத்தில் எல்லாச் சொல்லும் மாறியிருக்கிறது, நடக்காத இடத்தில் எதுவும் அப்படி மாறவில்லை. இந்த ஒழுங்குதான் சாட்சி.

சரி, அந்த ‘நா’வை இன்னும் பிரிக்க முடியுமா? முடியும். அது ‘நெ’ + ‘ஆ’. ‘நெ’ என்றால் இல்லை. ‘ஆ’ என்றால் ‘எப்போதும், என்றென்றும்’. அந்த ‘ஆ’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. உயிர், வாழ்நாள் என்று பொருள்படும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து அது வருகிறது. அதே வேர் சமஸ்கிருதத்தில் ‘ஆயுஸ்’. நாம் ‘ஆயுசு நூறு’ என்கிறோமே, அந்த ஆயுசு. ஆங்கிலேயர் வாயில் தினமும் வரும் ‘நோ’வின் பின்பாதியில் நம் வீட்டு ஆயுள் தேய்ந்து ஒளிந்திருக்கிறது. முதன்முதலில் அது வெறும் மறுப்பாக இருந்திருக்காது. ‘ஆயுசுக்கும் கிடையாது’ என்ற அழுத்தமான மறுப்பாக இருந்திருக்க வேண்டும். நாம் கோபத்தில் ‘இந்த ஜென்மத்துக்கும் அவன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்’ என்போமே, அந்த மாதிரி.

ஆங்கிலத்தின் பழைய ‘நே’ என்ற மறுப்பு வைக்கிங்குகளோடு வடக்கிலிருந்து வந்தது. அதுவும் இதே இரண்டு துண்டுகளின் கட்டுதான். வட கடலின் இரு கரையிலும் ஒரே சமையலைத் தனித்தனியாகச் சமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் ‘நோ’ ஒன்றல்ல, இரண்டு. கேள்விக்குப் பதிலாகச் சொல்லும் ‘நோ’ மேலே சொன்னது. ‘நோ மணி’, ‘நோ பார்க்கிங்’ என்று பெயருக்கு முன்னால் நிற்பது வேறொரு சொல். அது பழைய ஆங்கிலத்தில் ‘நான்’. நம்முடைய ‘நான்’ அல்ல. ‘நெ’ + ‘ஆன்’. ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘ஒன்றுகூட இல்லை’. ஆக, தடை சொல்லும் பலகையில் நிற்கும் ‘நோ’வும் வாயால் சொல்லும் ‘நோ’வும் வெவ்வேறு சொற்கள். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு கூழாங்கற்கள்.

இப்போது ஸ்பெயினுக்குப் போவோம். ஸ்பானிஷ் ‘நோ’, இத்தாலிய ‘நோ’ இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘நோன்’. கடைசி ன் உதிர்ந்துவிட்டது. லத்தீனிலும் பின்னோக்கிப் போனால், பழைய கவிதைகளில் ‘நோய்னும்’ என்ற வடிவம் கிடைக்கிறது. அதைப் பிரித்தால் ‘நெ’ + ‘ஓய்னோம்’. ‘ஓய்னோம்’ என்றால் ஒன்று! ‘ஒன்றுகூட இல்லை’ என்ற அதே கட்டு. ஜெர்மன் ‘நைன்’ என்ன? ‘நி’ + ‘ஐன்’. ‘ஐன்’ என்றால் ஒன்று. ஆங்கில ‘ஆன்’, லத்தீன் ‘ஓய்னோம்’, ஜெர்மன் ‘ஐன்’ மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அப்படியானால் ஆங்கிலேயர் சொல்லும் ‘நோ’வும் ஸ்பானியர் சொல்லும் ‘நோ’வும் சொந்தமா? பாதி சொந்தம். முன்பாதியில் இருக்கும் ‘நெ’ இருவருக்கும் பொது. பின்பாதி வேறு. ஒருவர் ‘ஆயுளுக்கும் இல்லை’ என்கிறார், மற்றவர் ‘ஒன்றும் இல்லை’ என்கிறார். இரண்டும் தேய்ந்து ஒரே ஒலியில் வந்து நின்றது மட்டும் தற்செயல். ‘ஒலி ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்று’ என்று சொல்லிவிட முடியாததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று, ஒரு துண்டும் பொது. அப்படியும் முழுச் சொல் ஒன்றல்ல.

ஏன் எல்லோரும் ‘நெ’யோடு இன்னொரு சொல்லை ஒட்டினார்கள்? வெறும் ‘நெ’ போதாதா? போதவில்லை. அது காதில் விழாத அளவுக்குச் சின்னது. ஒரு வாக்கியத்தின் பொருளையே தலைகீழாக்கும் சொல் அப்படி முணுமுணுப்பாக இருந்தால் ஆபத்து. அதனால் பேசுகிறவர்கள் அதற்குத் தாங்குகோல் கொடுக்கிறார்கள். நாம் ‘சோறு இல்லை’ என்று விட்டுவிடுகிறோமா? ‘ஒரு பருக்கைகூட இல்லை’ என்கிறோம். ‘ஒரு சொட்டுத் தண்ணி இல்லை’, ‘மருந்துக்குக்கூட இல்லை’, ‘ஓர் அடி நகர மாட்டேன்’. பிரெஞ்சுக்காரர்களும் இதையே செய்தார்கள். அவர்களுடைய பழைய மறுப்பு வெறும் ‘ந’. ‘நான் போகவில்லை’ என்பதை அழுத்த, ‘ஓர் அடிகூடப் போகவில்லை’ என்றார்கள். அடிக்கு அவர்கள் சொல் ‘பா’. ரொட்டித் துணுக்குக்கு ‘மி’. ‘ஒரு துணுக்குகூட இல்லை’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள், நம் பருக்கை போல. துணுக்கு காலப்போக்கில் உதிர்ந்தது, அடி நிலைத்தது. இன்று பேச்சு பிரெஞ்சில் ‘ந’வையே விழுங்கிவிடுகிறார்கள். ‘அடி’ என்ற சொல் ஒன்றே மறுப்பாகி நிற்கிறது. தாங்குகோலே மரமாகிவிட்டது.

டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் இந்தச் சுழற்சியை விரிவாக எழுதினார். மறுப்பு தேய்கிறது, தாங்குகோல் சேர்கிறது, தாங்குகோலே மறுப்பாகிறது, அதுவும் தேய்கிறது. மொழியியலில் இதற்கு இன்றும் அவர் பெயர்தான். கிரேக்க மொழியில் இந்தச் சக்கரம் முழுச் சுற்றே சுற்றிவிட்டது. பழைய கிரேக்கத்தின் ‘ஊக்’ என்ற மறுப்பில் ‘நெ’யின் சுவடே இல்லை. அதுவும் ஒரு காலத்தில் ‘நெ’ + வாழ்நாள் என்ற கட்டாக இருந்து, ‘நெ’ உதிர்ந்து, வாழ்நாள் மட்டும் மிஞ்சியது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அதாவது, கிரேக்கர் ‘இல்லை’ என்று சொல்லும்போது அவர்கள் வாயில் மிச்சமிருப்பது ‘ஆயுள்’ மட்டும்.

அந்தப் பொதுத் துண்டான ‘நெ’ ஐரோப்பாவோடு நிற்கவில்லை. ரஷ்ய மொழியில் ‘நே’, லிதுவேனியனில் ‘நெ’, பாரசீகத்தில் ‘ந’, சமஸ்கிருதத்தில் ‘ந’. ஐந்தாறாயிரம் ஆண்டுக்கு முன் பேசப்பட்ட, எழுத்தே இல்லாத ஒரு தாய்மொழியின் சொல் இது என்று கணிக்கிறார்கள். எவரும் எழுதி வைக்காததால், இப்படி மீட்டெடுத்த வடிவங்களை அச்சிடும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட சொல் ஒன்றில் இந்த ‘ந’ இருக்கிறது: நாத்திகம். ‘ந + அஸ்தி’, ‘இல்லை’ என்பதுதான் அதன் வேர். சுவரில் ‘நோ’ என்று எழுதியிருப்பதன் முதல் எழுத்தும் நாத்திகத்தின் முதல் எழுத்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

இதுவரை பார்த்தவை சொந்தங்கள். இனி அந்நியர்கள்.

போர்ச்சுகீஸ் ‘நோ’ எனக்கு மிகவும் பிடித்த அந்நியன். எழுதுவது ‘நோ’, பேச்சில் பெரும்பாலும் ‘நு’ என்று ஒலிக்கும். ‘நோ பிரசில்’ என்று ஒரு சுவரொட்டியில் இருந்தால் ‘பிரேசில் வேண்டாம்’ என்று பொருளல்ல, ‘பிரேசிலில்’. ‘நோ ரியோ’ என்றால் ரியோவில். பெண்பால் பெயர் வந்தால் ‘ந’: ‘ந இந்தியா’, இந்தியாவில். இதைப் பிரித்தால் இரண்டு சொற்கள் கிடைக்கும். ஒன்று, ‘உள்ளே’ என்று பொருள்படும் லத்தீன் ‘இன்’. மற்றது ‘அந்த’ என்று பொருள்படும் ‘இல்லும்’. ‘இன் இல்லும்’ என்ற நீளமான கட்டு, ‘என் லோ’ ஆகி, ல் ன்-ஓடு சேர்ந்து ‘என்னோ’ ஆகி, முன்னால் இருந்த எ-யும் விழுந்து, ‘நோ’ மட்டும் மிஞ்சியது. மறுப்புக்கு அவர்கள் சொல் ‘நாவ்ங்’ என்று மூக்கால் ஒலிப்பது. அதுதான் லத்தீன் ‘நோன்’ பெற்ற பிள்ளை. ஸ்பானிஷ் ‘நோ’வுக்கு உண்மையான உடன்பிறப்பு போர்ச்சுகலில் ‘நாவ்ங்’ என்ற வேறு முகத்தோடு இருக்கிறது. ஒரே முகத்தோடு நிற்கும் ‘நோ’ யாரோ.

இதைப் படித்ததும் தமிழில் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் ‘இல்’லும் இப்படித்தான். ‘வீட்டில்’ என்னும்போது ‘இல்’ இடத்தைக் காட்டுகிறது. ‘அன்பிலார்’ என்னும்போது அதே ‘இல்’ இல்லாமையைக் காட்டுகிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் எல்லைக்கோட்டின் இருபுறமும் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பொருளையும் நாம் ஒரே எழுத்துக்கூட்டில் வைத்துக்கொண்டு ஒருநாளும் குழம்பியதில்லை. கேட்பவர் எப்போதும் தனிச் சொல்லைக் கேட்பதில்லை, முழு வாக்கியத்தைக் கேட்கிறார்.

இனி ‘இப்போது’ குடும்பம். நார்வேயில் எழுத்து மொழி இரண்டு உண்டு. அதில் ஒன்றான நீநொர்ஸ்க், 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் என்பவர் கிராமத்துப் பேச்சுகளைத் திரட்டி உருவாக்கியது. மேற்குக் கரையில் அது அதிகம் புழங்குகிறது. அதில் ‘நோ’ என்றால் இப்போது. வட்டாரத்துக்கு ஏற்ப ‘நூ’ என்றும் ஒலிப்பார்கள். பழைய நார்ஸ் மொழியில் ‘நூ’, ஆங்கிலத்தில் ‘நவ்’, சமஸ்கிருதத்தில் ‘நு, நூ’. அந்த ‘நூ’விலிருந்து வந்த ‘நூதனம்’ தமிழில் இருக்கிறது. ‘புரா’ என்றால் முன்பு, அதிலிருந்து புராதனம். ‘நூ’ என்றால் இப்போது, அதிலிருந்து நூதனம். இரண்டுக்கும் வால் ஒன்றே.

ரஷ்ய ‘நோ’ இதே வேரோடு இணைக்கப்படுகிறது. ‘இப்போது’ எப்படி ‘ஆனால்’ ஆகும்? ‘இப்ப என்னங்கற?’ என்று ஒருவர் சட்டையை மடித்துக்கொண்டு கேட்டால், அவர் மணி கேட்கவில்லை. அந்த ‘இப்ப’வில் நேரம் போய் எதிர்ப்பு வந்துவிட்டது. ‘சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம்’ என்னும்போது அதே ‘இப்ப’ பேச்சைத் திருப்பும் வேலையைச் செய்கிறது. பேச்சைத் திருப்பும் சொல் ஒரு பக்கம் சாய்ந்தால் ‘ஆனால்’ ஆகும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் ‘சரி, ஆமாம்’ ஆகும். ரஷ்யர் முதல் பக்கம் சாய்ந்தார்கள், போலந்துக்காரர் இரண்டாவது பக்கம். என் பக்கத்து மேசைக்காரர் போனில் சொன்ன ‘நோ’வின் கதை இதுதான். செக் மொழியில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘அனோ’. அது ‘அ’ + ‘நோ’. பேச்சில் அதையும் ‘நோ’ என்று சுருக்குவார்கள். ரஷ்யாவில் வண்டிக்காரர் குதிரையைப் பார்த்து ‘நோ!’ என்று குரல் கொடுத்தால், குதிரை நிற்காது, ஓடும்.

லாத்விய ‘நோ’வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘நோ ரீகாஸ்’ என்றால் ரீகா நகரிலிருந்து; ஒலிக்கும்போது ‘நுவ’ என்று இழுப்பார்கள். பக்கத்து லிதுவேனியாவில் எழுதுவதே ‘நுவோ’ என்றுதான். பின்லாந்தில் ‘நோ நீன்’ என்ற தொடரை மட்டும் வைத்துக்கொண்டே பாதி நாளை ஓட்டிவிடலாம் என்பார்கள். கூட்டத்தைத் தொடங்க, முடிக்க, அலுத்துக்கொள்ள, தட்டிக்கொடுக்க எல்லாவற்றுக்கும் குரலை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னிஷ் மறுப்பு வேறு ரகம். அது ஒரு வினைச்சொல்: எனக்கு ‘என்’, உனக்கு ‘எத்’, அவனுக்கு ‘எய்’. நமக்கு இது விளக்கமே வேண்டாத விஷயம். மாட்டேன், மாட்டாய், மாட்டான் என்று நாமும் மறுப்பைத் தன்மை, முன்னிலை, படர்க்கை பார்த்துத்தான் சொல்கிறோம்.

அயர்லாந்தில் ‘டீயா நோ காபியா’ என்ற மாதிரி கேட்பார்கள். அங்கே அது ‘அல்லது’. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, ஐரிஷ் மொழியில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொற்களே கிடையாது என்பது. கேள்வியில் வந்த வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘குடித்தாயா?’ ‘குடித்தேன்.’ ‘வந்தாரா?’ ‘வரவில்லை.’ தமிழ் காதுக்கு இது புதிதல்ல. நம்மிடமும் ஆங்கில ‘நோ’வுக்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. பொருள் இல்லாவிட்டால் ‘இல்லை’, அது இதுவன்று என்றால் ‘அல்ல’, பந்தியில் கையை நீட்டி மறைத்தால் ‘வேண்டாம்’, மறுத்தால் ‘மாட்டேன்’, தடுத்தால் ‘கூடாது’, தெரியாது, முடியாது, ஆகாது. ஒவ்வொன்றும் வேறு வாசல்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டு வாசல் இருந்தது. ‘வருகிறாயா?’ என்ற நேர் கேள்வியை மறுக்க ‘நே’. ‘வரவில்லையா?’ என்ற எதிர்மறைக் கேள்விக்கு ‘வரவில்லைதான்’ என்று சொல்ல ‘நோ’. 1532இல் இங்கிலாந்து அறிஞர் தாமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலைத் தாக்கி எழுதிய நூலில் இதையும் ஒரு குற்றமாகச் சொன்னார். யோவான் நற்செய்தியில் ‘நீர் தீர்க்கதரிசியா?’ என்ற நேர் கேள்விக்கு டிண்டேல் ‘நோ’ என்று பதில் போட்டிருந்தார். ‘நே’ என்று இருக்க வேண்டும் என்றார் மோர். அந்தச் சண்டையில் டிண்டேலின் பக்கம்தான் காலம் நின்றது, வேறுபாடு மறைந்துவிட்டது.

அது மறைந்ததன் பலனை இன்று அனுபவிப்பது நாம். ‘சாப்பிடலையா?’ என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் ‘ஆமா, சாப்பிடலை’ என்கிறார். கேட்டவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால், அதே வயிற்றுப் பசியோடு ‘நோ’ என்று சொல்ல வேண்டும். ‘எஸ்’ என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தவர்களை எனக்குத் தெரியும். இது நம் ஆங்கிலத்தின் குறை என்று பலர் நினைத்து வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் கேள்வியைப் பார்த்துப் பதில் சொல்கிறது, ஆங்கிலம் நடந்ததைப் பார்த்துப் பதில் சொல்கிறது. இரண்டும் தன் வழியில் ஒழுங்கானவை.

கிரேக்கர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்கேரியா, வடக்கு மாசிடோனியா, செர்பியா என்று வடக்கே இருக்கும் நாடுகளில் ‘நே’ என்றால் இல்லை. எல்லை தாண்டி கிரீஸுக்குள் வந்தால் ‘நே’ என்றால் ஆமாம். இது பழைய காலத்திலேயே ‘நை’ என்று ஒலித்த, ‘மெய்யாகவே’ என்று உறுதி சொல்லும் தனிச்சொல். மறுப்பு ‘நெ’யோடு சம்பந்தம் இல்லை. மறுக்க அவர்களுக்கு ‘ஓஹி’. 1940 அக்டோபர் 28 அன்று முசோலினியின் இறுதி எச்சரிக்கையைக் கிரீஸ் நிராகரித்ததை இன்றும் ‘ஓஹி நாள்’ என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். தலையசைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. கிரேக்கர் மறுக்கும்போது தலையை மேலே வெட்டுவார்கள்; பல்கேரியர் ஆமோதிக்கும்போது பக்கவாட்டில் ஆட்டுவார்கள். கொரிய நாடகம் பார்க்கிறவர்களுக்கு ‘நே’ என்றால் ஆமாம் என்பது பழகியிருக்கும். கொரிய ‘நே’வும் கிரேக்க ‘நே’வும் பொருளில்கூட ஒத்துப்போகின்றன. அப்படியும் சொந்தம் இல்லை.

இப்படி முகம் ஒத்துப் பொருள் மாறும் சொற்களுக்கு 1928இல் இரண்டு பிரெஞ்சு ஆசிரியர்கள் ‘பொய் நண்பர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் பரவிவிட்டது. எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. போலிஷ் ‘நோ’ யாரையும் ஏமாற்றவில்லை. அது தன் ஊரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டது என் காது, வேறு ஊர்க் காது.

கடைசியாக, நம் ‘நோ’. தமிழின் ஓரெழுத்துச் சொற்கள் நாற்பத்திரண்டு என்று பழைய இலக்கணம் கணக்குச் சொல்கிறது. அதில் ‘நோ’வும் ஒன்று. பொருள் துன்பம், வலி. நோவு, நோய், நோகாமல், நொந்துபோய் எல்லாம் அதன் வீட்டுப் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பேச்சில் தனி ‘நோ’ அருகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடு இருக்கிறது. ‘வயித்து நோ’, ‘கை நோ’, ‘சரியா நோகுது’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

அங்கிருந்து புறப்பட்ட பலர் நார்வேயில் குடியேறியிருக்கிறார்கள், மேற்குக் கரையில் பெர்கன் பக்கமும். அந்த வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் ஓர் அம்மம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘நோ’ என்றால், அருகில் நிற்கும் பேத்திக்கு அது வலி. எதிரே இருக்கும் மருத்துவருக்கு அது ‘இப்போது’. அவர் குனிந்து, முழங்காலை மெதுவாக அழுத்தி, ‘இப்போது வலிக்கிறதா?’ என்று தன் மொழியில் கேட்பார். அந்தக் கேள்வியின் கடைசிச் சொல் ‘நோ’.